பற்றுவாய் திறந்திருக்கட்டும்

ஆரணி என்றதும் எவர் நினைவிலும் முந்தி வருவது பட்டுதான். கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூரின் தெருக்களில் விடியுமுன்பே தறியோசை எழுந்துவிடும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே தறியை நிறுத்துகிறார். அறுந்த முனைகளைத் தேடியெடுத்து முடிந்த பிறகே மீண்டும் நாடாவை ஓட்டுகிறார். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றுதானே என்று அவர் விட்டுவிடுவதில்லை. இத்தகைய பொறுமைக்குப் பெயர்பெற்ற ஊரில், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு கருவியை வேறொரு வகைப் பொறுமையோடு பேணியவர்கள் இருந்தார்கள். அவர்கள் போர்வீரர்கள், அக்கருவி துப்பாக்கி.

1751 டிசம்பர் 3 அன்று, ஆர்க்காட்டு முற்றுகையிலிருந்து மீண்ட இராபர்ட் கிளைவ், மராத்தியக் குதிரைப்படையின் துணையோடு, சந்தா சாகிபின் மகன் இராசா சாகிபின் படையையும் அதற்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரையும் ஆரணிக்கருகே முறியடித்தார். தோற்ற படையின் சிப்பாய்கள் பலர் தங்கள் படைக்கலங்களுடன் வந்து வென்றவரிடமே வேலைக்கு அமர்ந்தனர். நேற்று ஒருவருக்காகச் சுட்ட துப்பாக்கி, இன்று அவருக்கு எதிராகச் சுடும் துப்பாக்கியாயிற்று. பின்னர் 1782 ஜூன் 2 அன்று, ஆரணியைத் தம் தளவாடக் கிடங்காகக் கொண்டிருந்த ஐதர் அலியின் படையும், சர் ஐயர் கூட் தலைமையிலான கும்பினிப் படையும் இங்கே மோதின. இரு தரப்புக்கும் தீர்வான வெற்றி கிட்டவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஐதர் அலி மறைந்தார்.

இப்போர்களில் கும்பினிச் சிப்பாய்களின் தோளில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. அதற்கு முந்தியது திரித் துப்பாக்கி. எரியும் திரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிய வேண்டும். பிந்தியது கேப்புத் துப்பாக்கி. இடைப்பட்ட ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் உலகின் பெரும்போர்களை நடத்தியது, குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு, ஒரு துண்டுக் கல்லால் தீமூட்டப்பட்ட இந்தத் துப்பாக்கிதான். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களின் கையிலும் இருந்தது இதுவே. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் படைக்கலப் பிரிவில், தஞ்சை அரண்மனையிலிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் வந்த பழைய துப்பாக்கிகளை நாம் இன்றும் காணலாம்.

அது வேலை செய்யும் முறை எளியது. துப்பாக்கியின் பக்கவாட்டில் 'குதிரை' என்னும் வளைந்த உறுப்பு உண்டு. அதன் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல், தோலில் சுற்றி இறுக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து, எதிரே நிற்கும் எஃகுத் தகட்டின் மேல் கல்லைத் தேய்க்கும். தகடு பின்னே சாய, அதன் கீழிருந்த சிறு கிண்ணி திறந்துகொள்ளும். அக்கிண்ணியில் ஒரு சிட்டிகை நுண்மருந்து இருக்கும். பொறி அதில் விழுந்து பற்றும். கிண்ணியை ஒட்டிக் குழலின் சுவரில் ஒரு சிறு துளை உண்டு, அதுவே பற்றுவாய். அதன் அகலம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். வெளியே எரிந்த சுடர் இத்துளை வழியே உள்ளே பாய்ந்தால்தான் குழலுக்குள் கெட்டித்த மருந்து வெடிக்கும். இவையனைத்தும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் அந்தக் கண்ணிமைப்பு நன்றாக நடக்க வேண்டுமாயின் எத்தனை பேணல் தேவை! கல்லின் முனை தகட்டுக்கு நேராக, அதன் அகலம் முழுவதும் ஒருசேரப் படவேண்டும். கோணலாக நின்றால் ஒரு மூலை மட்டும் தேய்ந்து பொறி குறையும். இரண்டு மூன்று பத்துச் சூடுகளுக்குள் முனை மழுங்கிவிடும். அப்போது அதை மெல்லத் தட்டிப் புதுமுனை காணவேண்டும், அல்லது கல்லையே மாற்றவேண்டும். இங்கிலாந்தின் பிராண்டன் என்னும் ஊரில் இக்கற்களை உடைத்துச் செப்பனிடுவதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன.

பொறி கல்லிலிருந்து வருகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் கல் எஃகைச் சீவுகிறது. சீவப்பட்ட எஃகுத் துகளே எரிந்து பொறியாகிறது. ஆகவே தகட்டின் முகம் கடினமாக இருக்கவேண்டும். மென்மையான இரும்பில் கல் ஆழமாகக் கீறிச் செல்லும்; பொறி பறக்காது. அத்தகைய தகட்டைக் கொல்லர் மீண்டும் காய்ச்சித் தோய்த்து உரமேற்றுவார். விற்சுருள்களின் வலிமையும் ஒன்றுக்கொன்று இசையவேண்டும். தகட்டைத் தாங்கும் வில் மிகவும் விறைப்பாயிருந்தால் கல் நொறுங்கும். தளர்ந்திருந்தால் தகடு கல்லை எதிர்த்து நில்லாமல் விலகிவிடும்.

கிண்ணியில் இடும் மருந்திலும் அளவு உண்டு. மிகுதியாக இட்டால் நன்றாகப் பற்றும் என்று புதியவன் நினைப்பான். பற்றுவாயை மூடும்படி குவித்த மருந்து திரிபோலத் துகள் துகளாக எரிந்து தாமதிக்கும். துளை திறந்திருந்தால்தான் சுடர் தாவிச் செல்லும்.

இவை எல்லாவற்றினும் பெரிய வேலை கழுவுதல். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்னும் விகிதத்தில் கலந்தது பழைய கருமருந்து. அது எரியும்போது முழுவதும் புகையாகிப் போவதில்லை; எடையில் ஏறத்தாழப் பாதி கசடாகத் தங்கிவிடுகிறது. அக்கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும்; பற்றுவாயை அடைக்கும். ஆகவே சிப்பாயின் கச்சையில் ஒரு சிறு தூரிகையும் ஒரு மெல்லிய ஊசியும் தொங்கும். கிண்ணியைத் துடைக்கத் தூரிகை, துளையைக் குத்த ஊசி. போர் ஓய்ந்ததும் குழலை வெந்நீரால் கழுவி, உலர்த்தி, அதன்பின்னரே எண்ணெய் பூசுவார்கள். கழுவாமல் எண்ணெய் பூசினால் மேலே பளபளப்பும் அடியில் துருவும் இருக்கும்.

இங்கே நம் சிந்தனை சற்று நின்றுவிடுகிறது. இந்தத் துளை எதனால் அடைபடுகிறது? எவரும் அதில் மண்ணைக் கொட்டவில்லை. ஒழுங்காகச் சுட்டதனாலேயே, தன் கடமையைச் சரிவரச் செய்ததனாலேயே அது அடைபடுகிறது. குறை செய்தவன்தான் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது நம் எண்ணம். உழைத்தவனும் செய்துகொள்ள வேண்டும் என்கிறது இந்தக் கருவி. நாள் முழுதும் குடும்பத்துக்காகப் பாடுபட்ட தந்தையின் உள்ளத்தில் களைப்பும் கசப்பும் கசடாகப் படிகின்றன. மறையுரை ஆற்றும் குருவின் உள்ளத்திலும் சொற்களின் கசடு படிகிறது. வெளியே சுடர் தெரிகிறது: தேர் புறப்படுகிறது, மின்விளக்குகள் ஒளிர்கின்றன, மேளம் முழங்குகிறது. கிண்ணி மட்டும் எரிந்து குழல் ஊமையாக நின்ற துப்பாக்கி போல, உள்ளே மட்டும் ஒன்றும் நிகழ்வதில்லை.

கசட்டைப் போலவே ஈரமும் கொடியது. 1757 ஜூன் 23 அன்று பிளாசியில் போரின் நடுவே மழை கொட்டியது. கிளைவின் ஆட்கள் தார்ப்பாயால் மருந்தை மூடிக் காத்தனர். வங்காள நவாபின் படையின் மருந்து நனைந்தது. அப்போரில் சூழ்ச்சியும் காட்டிக்கொடுத்தலும் பெரும்பங்கு வகித்தன என்பது உண்மையே. எனினும் மூடப்படாத மருந்தும் தன் பங்கைச் செய்தது.

துப்பாக்கி இன்று நம் கையில் இல்லை. ஆனால் அதன் உறவுக்காரனை நம் திருவிழாக்களில் பார்க்கிறோம். அதிர்வேட்டுக் குழாய்தான் அது. அதற்கும் வாய்வழியே மருந்திட்டு, செங்கற்பொடி இட்டு இடித்துக் கெட்டிப்பார்கள். அதற்கும் அடியில் ஒரு பற்றுவாய் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஆரணிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கோயில் திருவிழாவில், வரிசையாக நட்டிருந்த குழாய்களுள் ஒன்று வெடிக்கவில்லை. துளையருகே புகைந்து அடங்கிவிட்டது. தீக்கோல் பிடித்திருந்த இளைஞன் என்னவாயிற்று என்று குனிந்து பார்க்கப் போனான். இரும்புப் பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவர் பாய்ந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தார். "கிட்டப் போவாதடா! அது செத்துப் போச்சுன்னு யார் சொன்னது?" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்கும் குழாய் இடியென முழங்குவதற்கும் சரியாக இருந்தது. இளைஞன் வெகுநேரம் பேச்சற்று நின்றான்.

அன்று மாலை அம்முதியவர் நம்மிடம் விளக்கினார்: "வெடிக்கலேன்னா ரெண்டு காரணம் இருக்கும் சாமி. தீ உள்ளே போகாம இருக்கலாம். இல்லே, உள்ளே போய்க்கிட்டே இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். எங்க தாத்தாகிட்ட நாட்டுத் துப்பாக்கி சுடலேன்னு கொண்டு வந்தா, மொதல்ல குழலுக்குள்ள கம்பிய விட்டு அளந்து பார்ப்பாராம். கம்பி அடிவரைக்கும் போகலேன்னா உள்ளே மருந்து இருக்குதுன்னு அர்த்தம். அதுக்கப்புறந்தான் ஊசிய எடுப்பாராம்."

அந்த அளவுகோல் இன்றும் பயனுடையது. பரம்பரைச் சொத்தாகப் பழைய துப்பாக்கி ஏதேனும் வீட்டுப் பரணில் கிடக்குமாயின், அது வெறுங்குழல் என்று எவரும் நம்பிவிடக் கூடாது. ஈரம் படாத கருமருந்து பல தலைமுறை கழிந்தும் தன் ஆற்றலை இழப்பதில்லை. அதைத் தாமே சோதித்துப் பார்க்க முற்படாமல், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்துக் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதே முறை.

முதியவரின் சொல் நமக்கு வேறொன்றையும் உணர்த்துகிறது. எத்தனை முறை எடுத்துச் சொல்லியும் மாறாத மகன், பலமுறை அழைத்தும் திரும்பாத உடன்பிறந்தான் ஆகியோரைப் பற்றி, "அங்கே ஒன்றுமில்லை, அணைந்துவிட்டது" என்று நாம் விரைவில் தீர்ப்பிட்டுவிடுகிறோம். தீ உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். குனிந்து கிளறாமலும் கைவிட்டுப் போகாமலும் சற்று விலகிக் காத்திருப்பதும் அன்பின் ஒரு வகையே.

கொல்லும் கருவியிடமிருந்து பாடம் கற்பதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆரணி வயல்களில் வீழ்ந்த சிப்பாய்களுக்குக் கல்லறையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. அவர்களுள் ஒருவன் தன் துளையை நன்றாகக் குத்தி வைத்திருந்ததால் மற்றொருவனின் குழந்தை தந்தையை இழந்தது. அந்தத் திறமையைப் போற்ற நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் கல் குற்றமற்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்திய உரோமைத் திருப்பலி நூலின்படி, பெரிய சனியன்று கோயிலுக்கு வெளியே மூட்டப்படும் புதுத்தீ, சக்கிமுக்கிக் கல்லைத் தட்டியே எடுக்கப்பட வேண்டும். எரிகின்ற பழைய விளக்கிலிருந்து அதைக் கடன் வாங்கலாகாது. குளிர்ந்த கல்லிலிருந்து புதிதாகப் பிறக்கவேண்டும். கல்லறையின் குளிர்ந்த பாறையிலிருந்து எழுந்தவரின் அடையாளம் அது. ஆரணியில் மனிதர்மேல் குண்டுகளை ஏவிய அதே வகைக் கல்தான், அவ்வாண்டுகளிலேயே, உலகெங்கும் பாஸ்காத் திரிக்கு ஒளி தந்துகொண்டிருந்தது. கல் தேர்ந்துகொள்வதில்லை, பொறி எங்கே விழவேண்டும் என்பதைக் கை தேர்ந்துகொள்கிறது.

இன்று அத்தீயை மூட்ட நெருப்புப்பெட்டி போதும். அந்தத் தீ அருகிலிருப்பவரின் மெழுகுதிரிக்கும், அவரிடமிருந்து அடுத்தவரின் திரிக்கும் கைமாறிச் செல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அவ்வாறு கையில் ஏந்தும் சுடர் நம் உள்ளத்துக்குள் பாய ஒரு சிறு துளை போதும். அது திறந்திருக்கிறதா என்று ஒவ்வோர் இரவும், உறங்கப் போகுமுன், ஊசியெடுத்துப் பார்த்துக்கொள்வோம்.