நம்ம நாதஸ்வரத் தம்பி நலமாக இருக்கிறார்

 

நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த செய்தி வந்ததிலிருந்து, ஆலயத்துக்கு வருகிறவர்கள் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான். "நம்ம நாதஸ்வரத் தம்பி எப்படி இருக்கார்?" நன்றாக இருக்கிறார். சென்னையில் நல்ல மழை, அறையிலேயே உட்கார்ந்து சாதகம் பண்றேன் என்று போனில் சொன்னார். இந்த வருஷம் பேச்சில் பயமே இல்லை. போன வருஷம் அப்படியில்லை. அந்தக் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது என்பதால் இங்கே எழுதுகிறோம்.

தம்பி தெலுக் பங்லிமா காராங்கில் பிறந்து வளர்ந்த பையன். தமிழ்நாட்டிலிருந்து பர்மிட்டில் வந்திருந்த நாதஸ்வர அண்ணனிடம் ரெண்டு வருஷம் நம்ம ஆலயத்திலேயே பழகினார். பர்மிட் முடிந்து அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பல நாள் பூஜைக்கு மிஷின் மேளம்தான். சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் தானாக அடிக்கும், உங்களுக்கே தெரியும். "நான் போய் முறையா படிச்சிட்டு வர்றேன்" என்று தம்பி சொன்னபோது அவருடைய அம்மா நகையை அடகு வைத்தார். மீதியை அன்பர்கள் சிலர் சேர்ந்து கொடுத்தோம்.

விசா தாமதமாகி, 2023 தீபாவளி முடிந்துதான் விமானம் ஏறினார். சென்னையில் ஓர் இசைக் கல்லூரி. மற்ற பிள்ளைகள் எல்லாம் பல மாதம் முன்பே சேர்ந்துவிட்டார்கள். இங்கே சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி வாசித்த பையனை, அங்கே ஆசிரியர் முதல் மூன்று நாள் நாதஸ்வரத்தைத் தொடவே விடவில்லை. வெறும் சீவாளியை மட்டும் கையில் கொடுத்து ஊதச் சொன்னார். சீவாளி என்பது வாயில் வைத்து ஊதும் அந்தச் சின்னத் துண்டு. நாணலில் செய்வது. அதில் மூச்சு நிலையாக நின்றால்தான் மூன்றடி நீளக் குழலில் சத்தம் ஒழுங்காக வரும். அதற்குப் பிறகும் மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசை, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது போல. தம்பிக்கு மனசு விட்டுப் போச்சு. சாப்பாடு காரம், பேசினால் "எந்த ஊர்த் தமிழ் இது?" என்று கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். தினமும் ராத்திரி அம்மாவுக்குப் போன்.

அப்படி மூன்று வாரம்கூட ஆகவில்லை, மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 3, ஞாயிறு ராத்திரி தொடங்கிய மழை, மறுநாள் முழுக்க விடவில்லை. அந்தப் புயல் சென்னையில் கரை ஏறவே இல்லை. கடலில் மெதுவாக நகர்ந்து, 5ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம்தான் கரையைக் கடந்தது. ஆனால் போகிற போக்கில் சென்னையை மூழ்கடித்துவிட்டது. தம்பி தங்கியிருந்தது வேளச்சேரியில், ஒரு வீட்டு மாடி அறை. கூட தஞ்சாவூர்ப் பக்கத்துத் தவில் பையன்கள் ரெண்டு பேர். திங்கட்கிழமை மத்தியானத்துக்கு மேல் போன் போகவில்லை.

நமக்குப் புயல் பழக்கமில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே புயல் வருவது ரொம்ப அபூர்வம். ஆனால் வெள்ளம் என்றால் என்னவென்று நமக்கு நன்றாகவே தெரியும். 2021 டிசம்பர் 18ஐ யாரும் மறக்க முடியாது. தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் ஏறி நின்றவர்களுக்கு நாம்தானே சோறு கட்டிக் கொண்டு போனோம். தம்பியின் அம்மாவும் அன்றைக்குச் சமையலில் இருந்தார். அதையெல்லாம் கண்ணால் பார்த்தவர் என்பதால்தான் அவருடைய பயம் அவ்வளவு பெரிதாக இருந்தது. திங்கள் ராத்திரி நடை சாத்திய பிறகும் வீட்டுக்குப் போகாமல் மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தார். "டிக்கெட் போட்டு என் பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடுங்க அண்ணே. நாதஸ்வரமும் வேணாம் ஒண்ணும் வேணாம்." எங்களுக்குள்ளும் ரெண்டு கட்சி. கூப்பிட்டுவிடலாம் என்று பாதிப் பேர், பொறுப்போம் என்று பாதிப் பேர். கூப்பிட நினைத்தாலும் வழியில்லை. சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், மறுநாள் காலையில்தான் திறந்தார்கள்.

புதன்கிழமை காலையில் தம்பியே கூப்பிட்டார். கீழ் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். வீட்டுக்காரர் குடும்பம் மாடிக்கு ஏறி வந்துவிட்டது. ஓர் அறையில் ஒன்பது பேர். கரண்ட் இல்லை, பால் இல்லை, தெருவில் படகு போகிறது. கஞ்சி வைத்துக் குடித்திருக்கிறார்கள். ராத்திரி பயந்துபோன வீட்டுக்காரப் பாட்டி, "தம்பி, ஏதாவது வாசியேன்" என்று கேட்டிருக்கிறார். "அமிர்தவர்ஷிணியை மட்டும் தொட்டுடாதே, இன்னும் கொட்டும்" என்று தவில் பையன்கள் கிண்டல். "எனக்கு இப்ப ஸரளி வரிசைதான் பாட்டி" என்று தம்பி அதையே ஊதியிருக்கிறார். திறந்தவெளிக்கான வாத்தியம் அது. நாலு சுவருக்குள் ஊதினால் என்ன ஆகும்? ரெண்டு நிமிஷத்தில் "போதும்ப்பா, காது அடைக்குது" என்று பாட்டியே கையெடுத்துக் கும்பிட்டாராம். இதைச் சொல்லித் தம்பி சிரித்தபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அம்மா போனை வாங்கி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வந்துடுறியாப்பா?"

"ம்மா, ஈரத்துல சீவாளி பிளந்துபோச்சு. புதுசு வாங்கணும். கொஞ்சம் காசு அனுப்புறீங்களா?"

அம்மா அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே பணம் அனுப்பினார்.

இப்போது இரண்டாம் வருஷம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார். அதற்கு முன்னால் அன்பர்களிடம் மூன்று விஷயம் கேட்க நினைக்கிறோம்.

ஒன்று, தம்பி வாசிக்கும் நாளில் மிஷின் மேளத்தைப் போடச் சொல்லாதீர்கள். தீபாராதனை நேரத்தில் கெட்டி மேளம் மனிதர் கையால் கேட்கட்டும்.

இரண்டு, உபயக்காரர்களுக்கு. "உள்ளூர்ப் பையன்தானே, அம்பது வெள்ளி போதும்" என்று சொல்லாதீர்கள். வெளியூர் வித்வானுக்கு என்ன கொடுப்பீர்களோ அதையே கொடுங்கள். பர்மிட்டில் வருகிறவர்கள் ஒருநாள் திரும்பித்தான் போவார்கள். இந்தத் தொழிலில் சோறு உண்டு என்று தெரிந்தால்தான் இங்கே இன்னொரு வீட்டுப் பிள்ளை சீவாளியைக் கையில் எடுக்கும்.

மூன்று, படிக்க விருப்பமுள்ள பிள்ளைகளைப் பொங்கல் வாரம் சாயங்காலம் மண்டபத்துக்கு அனுப்புங்கள். தம்பி உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன் என்றிருக்கிறார். பெண் பிள்ளைகளும் வரலாம். முதலில் ஸரளி வரிசைதான், அதுவும் வெறும் சீவாளியில் ஊதிப் பழகிய பிறகு. கொஞ்ச நாளைக்கு வீட்டில் சத்தம் தாங்க முடியாது. பெற்றோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புயலில் வீடு இழந்த நம் உறவுகளுக்காக வெள்ளிக்கிழமை விசேஷ அர்ச்சனை செய்கிறோம். முடிந்தவர்கள் வாருங்கள்.

வேலும் மயிலும் துணை.

ஆலயத் தொண்டூழியர்கள்
தெலுக் பங்லிமா காராங்