பிரித்தெடுத்த செங்கல்

மறைமலை நகரில் நான் படித்த பள்ளியின் பின்கட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாமென்றுதான் போனேன், வாசலில் நின்றபோது தண்ணீர் அடித்த இடிபாட்டிலிருந்து ஒரு வாசனை எழுந்தது, சிமெண்ட் இல்லை, கோடை விடுமுறைதோறும் அடித்து அடித்துச் சுவரில் ஏடு ஏடாகப் படிந்த வெள்ளையின் வாசனை, நனைந்த சுண்ணாம்பு.

அது பல்லாவரத்துத் தாத்தாவின் வாசனை. கொத்தனார், கையிலும் சுண்ணாம்பு, வெற்றிலையிலும் சுண்ணாம்பு, யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருமுன் சுவரை விரல் கணுவால் தட்டிக் காதைக் கொடுப்பார், அப்புறம்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். கடைசிக் காலத்தில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் பழைய மெட்ராஸ் டெர்ரஸ் தளங்களைப் பிரித்துத் திரும்பப் போடும் வேலை, தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக மூலைவாட்டில் ஒட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள், தாத்தா அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்து, துவர்ப்பு போதாது என்று தலையை ஆட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனார். "மறைமலையடிகள் வாத்தியாரா இருந்த காலேஜ்டா, அப்ப பாரிமுனையில இருந்துச்சு" என்றார், 1898 முதல் 1911 வரை அங்கே தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் அடிகள் எங்கள் பல்லாவரத்துக்குக் குடிவந்தார், கல்லூரியோ தனது நூறாவது வயதில், 1937இல், நகரத்தை விட்டுத் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்கு வந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியும் நட்டு வளர்த்த மரங்களின் நிழலைத் தாண்டி, நீண்ட தாழ்வாரத்தில் ஏறியதும் தாத்தா தோள் துண்டை எடுத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா நின்றார். "காத்துக்கு வழி விட்டுக் கட்டியிருக்கான் பாரு."

அவரும் இடித்தவர்தான், அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. பல்லாவரத்தில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது, சுண்ணாம்பில் கட்டிய செங்கல் முழுசு முழுசாகக் கழன்று வந்தது, ஒட்டியிருந்த காரையைக் கரண்டியால் தட்டி எடுப்பது என் வேலை, நூறு நூறாக எண்ணி அடுக்கி மாட்டு வண்டியில் ஏற்றினால், அந்த வீடு வேறொரு தெருவில் மறுபடி எழுந்துவிடும்.

இங்கே அப்படிக் கழலவில்லை, சிமெண்ட் கல்லை விடுவதில்லை, உடைந்து கட்டி கட்டியாக லாரியில் ஏறுகிறது, உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் இந்தச் சிமெண்ட்டால்தான். தகரத் தடுப்பில் பசுமைக் கட்டடம் என்று படம் ஒட்டியிருந்தார்கள், கூரையில் சூரியத் தகடு, கீழே மழைநீர்த் தொட்டி, இரண்டும் நல்லவைதான், ஆனால் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, நான்கு மணி வெயிலை அது அப்படியே உள்ளே இறக்கும், அப்புறம் ஏசி ஓடியாக வேண்டும்.

இடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, துரு ஏறிய கம்பி பிதுங்கித் தொங்கும் கூரையின் கீழ் எந்தப் பிள்ளையும் உட்காரக் கூடாது. கட்டுகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான், உடைத்த கட்டிகளை ஏரியில் கொட்டாமல் புதுத் தரைக்கு அடியில் நிரப்புங்கள், முற்றத்து வேம்பை விட்டுவிடுங்கள், அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு மேற்கே பத்தடி அகலத்தில் ஒரு தாழ்வாரம் இறக்கிக் கொடுங்கள்.