நாங்கள் கண்ட மைசூர் தசரா

யானையைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இராது! அதிலும் தங்க அம்பாரி சுமந்து வரும் யானை என்றால் கேட்கவும் வேண்டுமோ? 2024ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையில் மைசூருக்குச் சுற்றுலா என்று அருட்சகோதரி அறிவித்ததும் விடுதியே அதிர்ந்தது. செம்மநத்தத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் நாங்கள் மூவர் மட்டும் வாய் திறக்கவில்லை. கட்டணம் எங்கள் வீடுகளுக்குப் பெரிய தொகை. எங்களுள் ஒருத்தியின் தாயார், காப்பித் தோட்டக் கூலியில் சிறுகச் சேர்த்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். "ஆனை அம்பாரியத் தூக்கிட்டு வர்றத நல்லாப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு கண்ணு" என்றார். அதைக் கேள்வியுற்ற மற்ற இரு வீடுகளிலும் மறுக்க மனம் வரவில்லை.

அக்டோபர் 3ஆம் நாள் விடியுமுன் புறப்பட்டோம். ஏற்காட்டு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பாட்டுப் பாடியே இறங்கினோம். சேலம் தாண்டும்போது ஒரு தோழி தன் கைக்குறிப்பேட்டின் நாட்காட்டியைப் புரட்டிவிட்டு, "அம்பாரி ஊர்வலம் விஜயதசமி அன்றுதானே? அது 12ஆம் தேதி அல்லவா?" என்றாள். பள்ளி திறப்பதோ 7ஆம் தேதி! பாட்டு நின்றது. அருட்சகோதரியிடம் கேட்டோம். ஊர்வல நாளில் நாற்பது பெண்களுக்கு அந்நகரில் தங்க இடம் கிடைக்காது என்றும், அதனாலேயே முன்கூட்டிச் செல்வதாகவும் பொறுமையாக விளக்கினார். நியாயந்தான். ஆனால் மேட்டூர் அணையும் மாதேஸ்வரன் மலையும் எங்கள் மூவர் கண்ணிலும் படவே இல்லை. அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்பதே எங்கள் கவலையாயிற்று.

விஜயநகர மன்னர்கள் கொண்டாடிய மகாநவமியைப் பின்பற்றி, 1610ஆம் ஆண்டில் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கியதே இந்தத் தசரா. முன்னாளில் அம்பாரியில் அரசர் அமர்ந்து வருவார். மன்னராட்சி மறைந்தபின் சாமுண்டேஸ்வரி அம்மன் திருவுருவம் வருகிறது. பழைய மர அரண்மனை 1897இல் தீக்கிரையாக, இன்றுள்ள அரண்மனை 1912இல் கட்டி முடிந்தது. சென்னைக் கன்னிமாரா நூலகக் கட்டடத்தை வடிவமைத்த ஹென்றி இர்வினே இதையும் வடிவமைத்தவர். அன்றிரவு ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் எரிந்தபோது, "ஆ!" என்று நாங்கள் போட்ட கூச்சலுக்கு அருட்சகோதரி கண்டிக்கவில்லை, அவரும் கூவினார் என்பதே காரணம்!

மறுநாள் காலை சயாஜி ராவ் சாலையோரம் நின்றோம். திடீரென்று வாகனங்கள் ஒதுங்கின. யானைகள் வரிசையாக வந்தன! ஊர்வலம் அன்று, ஒத்திகை. தங்க அம்பாரியின் எடை 750 கிலோ. அதைச் சுமந்து பன்னிமண்டபம் வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்க வேண்டுமே! அதற்காகக் காட்டு முகாம்களிலிருந்து பல வாரங்களுக்கு முன்பே யானைகளை அழைத்து வருகிறார்கள். வந்ததும் லாரி நிறுக்கும் எடைமேடையில் நிறுக்கிறார்கள். முதுகில் முதலில் மணல் மூட்டைகள், நாளாக நாளாக மேலும் மூட்டைகள், பிறகு மர அம்பாரி. பீரங்கி ஓசைக்கு மிரளாதிருக்கவும் தனிப் பயிற்சி உண்டு. எங்களைக் கடந்த யானையின் முதுகில் புல் திணித்த கனத்த மெத்தை கட்டி, அதன்மேல் பாரம் ஏற்றியிருந்தார்கள். தங்கமும் இல்லை, பட்டும் இல்லை. கயிறு அழுந்திய இடத்தை ஒரு பாகர் நடந்துகொண்டே கையால் தடவிக் கொடுத்தார்.

அந்த ஆண்டு அம்பாரி சுமக்கவிருந்தது அபிமன்யு. அதற்கு முன் 2012 முதல் 2019 வரை சுமந்த அர்ஜுனா, 2023 டிசம்பரில் ஹாசன் மாவட்டத்தில் காட்டு யானையைப் பிடிக்கும் பணியில் அதனுடன் மோதி இறந்ததாம். பக்கத்தில் நின்ற பெரியவர் தமிழில் இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

பாகர்களின் குடும்பங்களும் யானைகளுடனேயே வந்து அரண்மனை வளாகத்தில் தங்குகின்றன. அவர்கள் பிள்ளைகளுக்குக் கூடாரத்தில் பள்ளிக்கூடம் நடக்கிறதாம்! "தசரா விடுமுறை இல்லாத பிள்ளைகள் இவர்கள்தாமோ?" என்றாள் ஒருத்தி. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிற்பகலில் புனித பிலோமினாள் பேராலயத்தில் செபித்தோம். அதன் இரட்டைக் கோபுரங்கள் 175 அடி உயரம். 1933இல் அடிக்கல் நாட்டியவர், தசரா அம்பாரியில் பவனி வந்த அதே மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. கொலுப் பொம்மைகள், கண்காட்சி, மைசூர்பாகு பற்றியெல்லாம் தோழியர் வேறு பக்கங்களில் எழுதக்கூடும். எங்களுக்குக் கையிலிருந்த காசு மைசூர்பாகுக்கே சரியாயிற்று.

அடுத்த முறை செம்மநத்தம் சென்றபோது மூவரும் சேர்ந்தே அந்த அம்மாவிடம் போனோம். மைசூர்பாகை நீட்டினோம். "அம்பாரி பாத்தீங்களா?" என்றார். இல்லை என்று ஒப்புக்கொண்டோம். மணல் மூட்டைகளைப் பற்றிச் சொன்னோம். காப்பிப் பழ மூட்டை சுமந்தே பழகியவர் அவர். முகம் வாடும் என்று பயந்திருந்தோம், அவரோ நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, "எத்தனை மூட்டை? முதுகு புண்ணாகாம அடியில என்ன வெச்சுக் கட்டுறாங்க?" என்று கேட்டார்.

புல் திணித்த மெத்தையைப் பற்றிச் சொன்னோம்.

"அப்ப ஆனைக்கும் சும்மாடு உண்டு" என்றார். பிறகு மைசூர்பாகைப் பிட்டு எங்களுக்கே முதலில் கொடுத்தார்.