எடுத்து வளர்த்த பிள்ளை

மலேசியக் குடிமக்கள் 12 வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும். அதற்காகப் பிறப்புப் பத்திரம் அலமாரியிலிருந்து வெளியே வரும். பெரும்பாலான வீடுகளில் அது சாதாரண நாள்தான். ஆனால், குழந்தையை எடுத்து வளர்த்த வீட்டில், அந்தத் தாளைத் தொடும்போதே தாயின் கை நடுங்கலாம். பெற்றோர் என்ற இடத்தில் வேறு பெயர்கள் இருந்தால், “நான் யார் பிள்ளை, அம்மா?” என்று மகள் கேட்பாளே! என்ன பதில் சொல்வது?

கோல சிலாங்கூரிலும் சிலாங்கூரின் வடபகுதியிலும் உள்ள தோட்டங்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. பால்மரத் தோட்டங்கள் நிறைந்திருந்த வட்டாரம் இது. 1917இல் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டமும் இங்குதான் உள்ளது. அக்காலத் தோட்டங்களில் தாய் பால்மரம் சீவப் போனால், கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் வளரும். பெற்றோரை இழந்த பிள்ளையை உறவினரோ அண்டை வீட்டாரோ எடுத்துக்கொள்வர்.

நாட்டின் பல தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் சீனப் பெண் குழந்தைகளையும் எடுத்து வளர்த்தன. வறுமை, ஆண் பிள்ளை மீதான விருப்பம், பிறந்த ஆண்டு ஆகாது என்ற நம்பிக்கை ஆகியவற்றால் அக்குழந்தைகள் கொடுக்கப்பட்டனர். அவர்கள் தமிழ் பேசி, பொட்டிட்டு, சேலை உடுத்தி, பேரப்பிள்ளைகளையும் கண்டனர். தாங்கள் எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்பதை அவர்களின் முகமே சொல்லிவிட்டது. ஆயினும், “என்னை ஏன் கொடுத்தார்கள்?” என்ற கேள்விக்கு முகம் விடை சொல்லவில்லை.

மகாபாரதத்தில் கர்ணனுக்கு அவனது பிறப்பின் உண்மை போர் நெருங்கிய வேளையில்தான் தெரிய வந்தது. காலம் கடந்து வந்த அந்த உண்மை அவனுக்குப் பெரும் துயரமாயிற்று. எனினும், தன்னை வளர்த்த ராதையை அவன் துறக்கவில்லை. உண்மை தெரிந்தால் பிள்ளை பிரிந்துவிடும் என்று அஞ்சும் பெற்றோர் இதை நினைத்துப் பார்க்கலாம்.

உண்மையை மறைப்பதைவிட, பிள்ளை சிறியதாய் இருக்கும்போதே அன்புடன் சொல்லத் தொடங்குவது நல்லது என்பதே இன்றைய ஆலோசகர்களின் கருத்து. மூன்று வயதில் ஒரு கதையாகத் தொடங்கலாம். வளர வளரக் கூடுதலாகச் சொல்லலாம். முதல் படம், அன்று உடுத்தியிருந்த சட்டை, பிறந்த ஊரின் பெயர் ஆகியவற்றை ஓர் ஏட்டில் சேர்த்து வைத்தால், பிள்ளை அதைத் தன் கதையாக ஏற்கும். உண்மையை அயலார் வாயால் கேட்கும் பிள்ளைக்கோ வளர்த்தவர் மீதுள்ள நம்பிக்கையே ஆட்டம் காணும்.

ஆலோசகர் தீர்ப்புச் சொல்பவர் அல்லர், பொறுமையாகக் கேட்பவர். பிள்ளையின் கோபத்தையும் வளர்த்தவரின் அச்சத்தையும் பெற்றுக் கொடுத்த தாயின் துயரத்தையும் அவர் ஒருசேர மதிப்பார். மாணவர்கள் பள்ளியின் ஆலோசக ஆசிரியரை நாடலாம். 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

மனத்துக்கு ஆறுதல் தேவைப்படுவது போல, வாழ்வுக்குப் பத்திரமும் தேவை. வாய்ச்சொல்லை நம்பிக் குழந்தையை வாங்கி வளர்த்தால், பின்னர்ப் பள்ளியிலும் குடியுரிமையிலும் சிக்கல் வரலாம். தீபகற்ப மலேசியாவில் தத்தெடுப்புக்கென 1952ஆம் ஆண்டுச் சட்டங்கள் உள்ளன. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வளர்த்தவர்கள், தேசியப் பதிவுத்துறையில் தத்தெடுப்பைப் பதிய விண்ணப்பிக்கலாம்.

முன்கூட்டியே பேசிய வீட்டில், 12 வயது மகள் அந்தத் தாளை அமைதியாகப் படிப்பாள். “இது எனக்குத் தெரியும், அம்மா. வாங்க, நேரமாகிவிட்டது” என்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அடையாள அட்டை எடுக்கப் புறப்படுவாள்.