மாடன் இலுப்பைக்குக் கிழக்கு

மரத்துக்கு வக்காலத்து போட முடியாது. சாமிக்குப் போடலாம். விக்கிரகம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர், அது தன் பெயரில் வழக்காடலாம் என்று பிரிவி கவுன்சில் 1925-இல் பிரமதநாத் மல்லிக் வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஆனால் என் கட்சிக்காரர்களின் மாடனுக்கு விக்கிரகம் கிடையாது, பீடம் கிடையாது, கூரை கிடையாது. ஒரு இலுப்பை மரம், அதன் தூரில் மஞ்சணை அப்பிய ஒரு பொந்து, அவ்வளவுதான். கொடை நாளில் அங்கே படப்பு போடுவார்கள். மற்ற நாளில் ஆடு மேய்க்கிறவர்கள் நிழலுக்கு ஒதுங்குவார்கள். அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்கள்.

தென்காசி இன்னும் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்த காலம் அது. குற்றாலத்தில் சீசன் கூட்டம் பெருகப் பெருக, மலையடிவாரத் தோப்புகள் ஒவ்வொன்றாக லாட்ஜ் ஆகிக்கொண்டிருந்தன. அந்த மரம் நின்ற நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் முறையாகப் பத்திரம் பதிந்து வாங்கியிருந்தார். பட்டாவும் அவர் பெயருக்கு மாறிவிட்டது. மரம் நின்றதோ அவர் கேட் வைக்க நினைத்த இடத்தில். ரம்பத்தோடு ஆட்கள் வந்து இறங்கிய அன்று ஊர் கூடி மறித்தது. மறுநாள் காலை நாட்டாமையும் ஊர்ப் பெரியவர்களும் என் அலுவலக வாசலில் நின்றார்கள்.

ஊரார் சார்பில் பிரதிநிதித்துவ வழக்காக, உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 1, விதி 8-இன் கீழ் அனுமதி வாங்கி, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, முன்சீப் கோர்ட்டில் தாக்கல் செய்தோம். கேட்டது இரண்டே பரிகாரம்: வழக்கப்படி அங்கே வழிபட உரிமை, மரத்தை வெட்டாமலிருக்க நிரந்தர உறுத்துக் கட்டளை. அது கோயில் என்று நாங்கள் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால், அது சமய நிறுவனமா இல்லையா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அறநிலையத் துறை இணை ஆணையர் என்று 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவைக் காட்டி, வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆகவே 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவைப் பிடித்தோம். ஊர் வழக்கத்தால் உண்டாகும் உரிமை அது. வழக்கம் பழையதாக, தெளிவானதாக, நியாயமானதாக, விடாமல் வருவதாக இருக்க வேண்டும்.

‘தெளிவானதாக’ என்ற இடத்தில்தான் என் ஜூனியர் பேனாவை மூடிவிட்டார். மரம் எப்படிச் சாமி மரமானது என்று பிராதில் எழுத வேண்டுமே. கேட்டோம். மூன்று கதை வந்தது.

மேலத்தெருவின் கதை இது. மலையாள நாட்டிலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாக மிளகுப் பொதி கொண்டுவந்த ஒருவர் ராத்தங்கலுக்கு இறங்கினார். மாட்டைக் கட்ட ஒரு இலுப்பைக் கம்பை முளையாக அடித்தார். விடிந்து பிடுங்கினால் வரவில்லை, கம்பு துளிர்த்திருந்தது. பொதியோடு கூடவே வந்த மாடன் இந்த மண் பிடித்துப்போய் இறங்கிக்கொண்டான். கீழத்தெருக்காரர்களுக்கு இதில் சம்மதமில்லை. மாடன் பின்னால் வந்தவன், முதலில் அங்கே இருந்தவள் இசக்கி என்றார்கள். துரத்தி வந்தவர்களுக்குத் தப்பி ஓடிய பிள்ளைத்தாய்ச்சியை மரம் பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டது, அந்தப் பொந்து அவள் நுழைந்த வழி. மூன்றாவது கதையைச் சொன்னவர் நாட்டாமையின் அத்தை. அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு, மரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னார்கள், பொய்ச் சத்தியம் செய்த அண்ணன் வீடு போய்ச் சேரவில்லை. “இதுல மாடன் எங்க வந்தாரு ஆத்தா?” என்று ஜூனியர் கேட்டதற்கு, “பொறவு யாரு அடிச்சான்னு நினைக்கிய?” என்றார்.

நட்ட கோல் துளிர்க்கும் கதை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரியில் ஹாதார்ன் என்னும் முள்மரம் ஒன்றைப் பற்றி இதே கதைதான். ஏசுவை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பு அந்த ஊர்க் குன்றில் கைத்தடியை ஊன்றினார், அது மரமாகி வருடத்தில் இருமுறை, கிறிஸ்துமஸ் சமயத்திலும், பூக்கிறது என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் அதைப் பொய்ப் பக்தி என்று வெட்டினார்கள். வெட்டிய மரத்தின் ஒட்டுகளிலிருந்து புது மரங்கள் வந்தன. 2010 டிசம்பரில் யாரோ இரவோடிரவாக மறுபடி வெட்டினார்கள்.

மூன்று கதையையும் பிராதில் எழுதினேன். பார் அசோசியேஷனில் சிரித்தார்கள். ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து, சாட்சிகளுக்குச் சொல்லிக்கொடுத்து, ஒரே மாதிரி பேச வைப்பதுதானே வழக்கம். என் எண்ணம் வேறு. நேற்று ஜோடித்த கதை ஊர் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். நாலு தலைமுறை வாய் மாறிய கதை தெருவுக்குத் தெரு பிரிந்துதான் கிடக்கும். முரண்பாடு சாட்சியத்தைக் கெடுக்கும் என்பது கொலை வழக்குக்குச் சரி. தொன்மத்துக்கு அது வயதுச் சான்றிதழ்.

எதிர்த்தரப்பில் மூத்த வழக்கறிஞர், நல்ல தமிழ் ரசனை உள்ளவர். அவர் குற்றாலத்தையே எனக்கு எதிராகத் திருப்பினார். குற்றாலநாதர் கோயில் தலமரம் குறும்பலா. சம்பந்தர் திருக்குற்றாலத்துக்கு ஒரு பதிகமும் திருக்குறும்பலாவுக்குத் தனியாக இன்னொரு பதிகமும் பாடியிருக்கிறார். நான்கு வேதங்களே அந்தப் பலாவாகி நிற்கின்றன, கனியும் சுளையும் வித்தும் சிவலிங்கம் என்பது தலத்தின் ஐதீகம். திரிகூட ராசப்பக் கவிராயர் தலபுராணமே எழுதிவைத்திருக்கிறார். “அது மரம் கனம் கோர்ட்டார் அவர்களே. தேவாரம் இருக்கிறது, புராணம் இருக்கிறது, கோயில் இருக்கிறது. வாதி சொல்லும் இலுப்பைக்கு என்ன இருக்கிறது? மூன்று கட்டுக்கதை, அதுவும் ஒன்றுக்கொன்று ஒட்டாதது.”

கவிராயர் பக்கத்து மேலகரத்துக்காரர். குற்றாலக் குறவஞ்சி பாடியதற்காக மதுரை நாயக்க மன்னர் அவருக்கு நிலம் கொடுத்தார், அதற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். பாட்டை நம்பி நிலம் கைமாறிய வட்டாரத்தில் பாட்டுக்குச் சாட்சிய மதிப்பு இல்லை என்று வாதிட நெஞ்சழுத்தம் வேண்டும்!

என் பதில் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்தே கிடைத்தது. டி.ஆர்.கே. ராமசாமி சேர்வை வழக்கு, ஐ.எல்.ஆர். 1950 மெட்ராஸ் தொகுதி. கோயிலென்றால் விக்கிரகம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஆகமத்துக்குப் பொருந்துகிறதா என்பதும் அளவுகோல் இல்லை, ஓரிடத்தில் தெய்வ சாந்நித்தியம் இருக்கிறது, அங்கே வணங்கினால் அருள் கிட்டும் என்று மக்கள் நம்பி வழிபட்டால் கோயிலின் அடிப்படை அம்சம் வந்துவிட்டது என்பது நீதியரசர் விஸ்வநாத சாஸ்திரி அதில் எழுதியதன் சாரம். விக்கிரகமில்லாத இடம் கோயிலாகவே ஆகலாம் என்றால், வெறும் வழிபாட்டு வழக்கத்துக்குப் பொந்து போதாதா?

அடுத்தது செவிவழிச் செய்தி என்ற ஆட்சேபம். “எங்க தாத்தா சொன்னாரு” என்று சாட்சி வாயெடுத்ததும் எதிர்த்தரப்பு எழுந்துவிடும். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் இதற்கு ஒரு வாசல் வைத்திருந்தது. பிரிவு 32, உட்பிரிவு 4: பொது உரிமை, பொது வழக்கம் பற்றி, அதை அறிந்திருக்கக்கூடிய ஒருவர், தகராறு கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டு இறந்துபோயிருந்தால், அவர் சொன்னதை ஏற்கலாம். 2024 ஜூலை முதல் புதுச் சட்டம் வந்துவிட்டாலும் இந்த வாசல் அடைபடவில்லை. தாத்தா செத்திருக்க வேண்டும், தகராறு அவருக்குப் பின்னால் பிறந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் இரண்டுமே இருந்தது.

வில்லுப்பாட்டுப் புலவரைக் கூண்டில் ஏற்றினேன். அந்த ஊர்க் கொடையில் அவர் அப்பா காலத்திலிருந்து அவர்கள் குடும்பம்தான் பாடுகிறது. ஓரம் கரையான் தின்ற, மஞ்சள் துணியில் சுற்றிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதைப் பெஞ்ச் கிளார்க் கையில் கொடுக்குமுன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குறுக்கு விசாரணையில் எதிர் வழக்கறிஞர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“கம்பு துளிர்த்தது உண்மையில் நடந்ததா?”

“நா பாக்கலை ஐயா.”

“உம்ம அப்பா பார்த்தாரா?”

“அவரும் பாக்கலை.”

“பின்னே எதை வைத்துப் பாடுகிறீர்?”

“பாடலேன்னா சாமி வராது ஐயா. சாமி வரலேன்னா கொடை முடியாது. கொடை முடியாம ஊர்ல ஒருத்தனும் வீட்டுக்குப் போவ முடியாது.”

நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். கதை மெய்யா என்பது வழக்கெழு வினா அல்ல. அந்தக் கதைக்குக் கட்டுப்பட்டு ஊர் நடந்துகொண்டதா என்பதுதான் வினா.

கட்டளை 26, விதி 9-இன்படி வழக்கறிஞர் ஆணையர் நியமிக்கப்பட்டார். இளம் வழக்கறிஞர், பெண். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. டார்ச் அடித்துத் தூரைச் சுற்றிவந்தவர், நெஞ்சு மட்டத்தில் பட்டை உதடு போல மடிந்திருந்த ஓரிடத்தில் நின்றார். குச்சியால் மண்ணைச் சுரண்டினார். உள்ளே ஒரு வெண்கல மணி. விளிம்பு மட்டும் நகக்கண் அளவுக்கு வெளியே தெரிந்தது, மீதியை மரம் விழுங்கியிருந்தது. இன்னும் தேடியதில் தொட்டில் கட்டிய இரும்பு வளையங்கள், ஆணிகள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே நிற்கும் இலுப்பைக்கு மணி விழுங்கி மரம் என்றே பெயர். வேண்டிக்கொண்டு கட்டும் மணியை மரம் உள்ளிழுத்தால் வேண்டுதல் பலித்தது என்பது நம்பிக்கை.

மணியையும் ஆணியையும் ஊரார் வழக்குக்காக அடித்து வைத்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. ஓய்வுபெற்ற வனத்துறை அலுவலர் ஒருவரை விசாரித்தோம். பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்படலம் வருடா வருடம் வெளிப்பக்கமாகக் கட்டை சேர்க்கிறது. வழியில் இரும்பு நின்றால் அதைச் சுற்றிப் புரண்டு மூடிவிடும். மரம் நுனியில்தான் உயர்கிறது, ஆகவே நெஞ்சு மட்டத்தில் கட்டிய மணி நெஞ்சு மட்டத்திலேயே நிற்கும். எத்தனை வருடம் என்று கேட்டபோது அவர் எண் சொல்ல மறுத்தார். இலுப்பையில் ஆண்டு வளையம் எண்ணும்படி தெளிவாக விழாது, ஆனால் இவ்வளவு மூடுவது நாலைந்து வருடத்து வேலை இல்லை என்றார். கேட்டதற்கு மேல் ஒரு சொல் கூட்டாத சாட்சி கிடைப்பது அபூர்வம்.

இவ்வளவு இருந்தும், வழக்கைத் திருப்பியது பிரதிவாதியின் சொந்தக் காகிதம். தன் உரிமையை நிரூபிக்க மூலப்பத்திரத்தை அவரே தாக்கல் செய்திருந்தார். முப்பது வருடம் தாண்டிய பத்திரம், உரிய இடத்திலிருந்து வந்தது. சாட்சியச் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்படி அதன் உண்மைத்தன்மையை நீதிமன்றம் அனுமானிக்கலாம். சொத்து விவரத்தில் நான்கெல்லையை வாசிக்கச் சொன்னேன். வடக்கு, தெற்கு என்று படித்துக்கொண்டே வந்தவர் மேற்கெல்லையில் நிறுத்தினார். “படியுங்கள்” என்றார் நீதிபதி. “மாடன் இலுப்பைக்குக் கிழக்கு.”

யாரோ ஒரு பத்திர எழுத்தர், வழக்கு வரும் என்று கனவிலும் நினையாமல், ஊரில் சொல்கிறபடி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மாடனை மறுத்தால் மேற்கெல்லை போயிற்று. எல்லையை ஒப்புக்கொண்டால் மாடனையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அத்தையின் வரப்புத் தகராறுக் கதை. மூன்றில் எளிதாகத் தள்ளிவிடக்கூடியது என்று ஜூனியர் நினைத்தது அதைத்தான். மரம் சாட்சி சொல்வது நம்மிடம் பழைய சங்கதி. திருவிளையாடலில் ஒரு திருமணத்துக்குச் சாட்சியாகத் திருப்புறம்பியத்திலிருந்து மதுரைக்கு வன்னி மரமும் கிணறும் லிங்கமும் வந்ததாகப் படலமே இருக்கிறது. இங்கே பத்திரப் பதிவு அலுவலகம் வழியாக வந்தது.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகம். நிலத்தின் உரிமை பிரதிவாதிக்கே, மரத்தை வெட்டக் கூடாது, கொடை நாட்களிலும் வெள்ளிக்கிழமைகளிலும் ஊரார் வந்து வழிபடத் தடை செய்யக் கூடாது. மூன்று கதையில் எது சரி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்றும் நீதிபதி எழுதினார். சார்பு நீதிமன்றத்தில் போட்ட மேல்முறையீட்டைப் பிரதிவாதியே திரும்பப் பெற்றார். கேட்டைத் தெற்கே தள்ளிப் போட்டுக் கட்டடம் எழும்பிவிட்டது.

அயர்லாந்தின் கிளேர் கவுண்டியில் லட்டூன் என்ற இடத்து ஹாதார்ன் புதரைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். மன்ஸ்டர் தேவதைகள் கன்னாட் தேவதைகளோடு போருக்குப் போகையில் கூடுமிடம் அது என்பது ஊர்க்கதை. 1999-இல் நெடுஞ்சாலைக்காக அதை அழிக்கவிருந்தபோது, கதைசொல்லி எடி லெனிகன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் கிளர்ச்சி செய்தார். சாலை விலகிப் போனது. அங்கே கதைசொல்லி வெளியே நின்று வென்றார். எங்கள் புலவர் கூண்டில் நின்று குறுக்கு விசாரணையைத் தாங்கினார். நான் யாருக்கு மதிப்பெண் போடுவேன் என்று சொல்லத் தேவையில்லை.

தீர்ப்புக்குப் பிறகு எனக்குப் பிடிக்காத ஒன்றும் நடந்தது. தீர்ப்பு நகலில் முதலாவதாக இருந்தது மிளகுப் பொதிக் கதை. கொடை நோட்டீஸில் இப்போது அது மட்டும்தான் அச்சாகிறது. ஊர்ப் பையன்களைக் கேட்டால் “கோர்ட்டே சொல்லிட்டு” என்கிறார்கள். இசக்கியைக் கீழத்தெருக் கிழவிகள் மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள். புலவர் கெட்டிக்காரர், மூன்றையும் பாடிவிட்டு, மாடன் தென்காசிக் கோர்ட்டுக்குப் போன கதையை நாலாவதாகச் சேர்த்துக்கொண்டார்.

லாட்ஜ்காரர் அடுத்த கொடைக்கே தலைக்கட்டு வரி கொடுக்க வந்தார். ஊர் வாங்கவில்லை. வரி ஊர்க்காரருக்குத்தான், நீங்கள் வேண்டுமானால் நன்கொடை எழுதுங்கள் என்று ரசீது புத்தகத்தை மாற்றிக் கொடுத்தார்கள். எழுதினார். பிறகு இலுப்பைக்கொட்டை பொறுக்குவதில் தகராறு வந்தது. தீர்ப்பில் மரத்தை வெட்டாதே என்று இருக்கிறதே தவிர, உதிர்வது யாருக்கு என்று இல்லை. நிலம் என்னுடையது என்கிறார் அவர், எண்ணெய் மாடன் விளக்குக்கு என்கிறது ஊர். இரண்டு தரப்பும் என்னிடம் வந்தார்கள், நான் வக்காலத்து வாங்கவில்லை. நோட்டீஸ் போயிருக்கிறது என்று கேள்வி.