ரைன் நதிக்கரையிலே

தஞ்சாவூர்க்காரனுக்கு மேடு என்றால் வல்லம்தான். மலையைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்சிக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட நான், ஆல்ப்ஸ் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் லீக்டென்ஸ்டைன் நாட்டைப் பார்த்து வந்தேன் என்றால் நண்பர்கள் நம்ப மாட்டார்கள். சூரிச்சில் வேலை பார்க்கும் அண்ணனின் தயவு அது.

சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே வெறும் 160 சதுர கிலோமீட்டர். நம் தஞ்சை மாவட்டத்தில் இருபதில் ஒரு பங்குகூட இராது. மக்கள் சுமார் 40,000 பேர். அரசாள ஒரு கோமகன் உண்டு, பாராளுமன்றம் உண்டு. படையை மட்டும் 1868-லேயே கலைத்துவிட்டார்கள். விமான நிலையம் கிடையாது. சார்கான்ஸ் என்னும் ஊரில் ரயிலை விட்டிறங்கிப் பேருந்து ஏறினோம். எல்லையை எங்கே கடந்தோம் என்றே தெரியவில்லை.

தலைநகர் வாடூஸ். மேலே பாறையில் கோமகனின் கோட்டை, உள்ளே விடமாட்டார்கள். தபால் தலைக்குப் பேர்போன நாடாயிற்றே என்று சிலவற்றை வாங்கிக்கொண்டேன்.

என் மனம் ஆற்றிலேயே இருந்தது. ரைன் நதிதான் அங்கே சுவிட்சர்லாந்துடன் எல்லை. 1901-இல் கட்டிய மரப்பாலம் ஒன்று, கூரையுடன். நடுப்பாலத்தில் நின்றால் ஒரு கால் ஒரு நாட்டில், மறுகால் இன்னொன்றில். காவலுக்கு ஒருவருமில்லை. பனி உருகும் ஜூன் மாதம். சாம்பல் நிறத்தில் வெள்ளம் சீறிப் பாய்ந்தது. இருபுறமும் உயரமான கரைகள், நம் கொள்ளிடக் கரை போலவே. 1924 வெள்ளத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுபோல, 1927-இல் கரை உடைந்து ஊர்கள் மூழ்கிய கதை அவர்களுக்கும் உண்டு.

அங்கிருந்தே அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"கல்லணை திறந்தாச்சு தம்பி. நம்ம வாய்க்கால்ல இன்னும் புழுதிதான். விதை ஊறப்போடலாமா வேண்டாமான்னு நிக்கிறேன்" என்றார். பிறகு, "அங்க ஆத்துல தண்ணி போவுதா?"

"கரை தொட்டுப் போவுதுப்பா."

"வயலுக்கு எடுக்கிறாங்களா?"

"நெல்லே இல்லப்பா. புல்லும் சோளமும்தான் தெரியுது."

சற்று மௌனம். "அப்ப எங்கதான் போவுது அவ்வளவு தண்ணியும்?"

ஜெர்மனி வழியாக ஹாலந்துக்குப் போய்க் கடலில் கலக்கிறது என்று படித்ததைச் சொன்னேன்.

"அப்ப ஹாலந்துக்காரன்தான் கடைமடைன்னு சொல்லு" என்றார் அப்பா. "அவனுக்காவது ஒழுங்கா வந்து சேருதா?"