அம்மாவின் சூராட்டுப் பை

போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு வீட்டை ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் இரும்பு அலமாரிக்கு மேலே கை விட்டபோது ஒரு பொட்டலம் தலையில் விழுந்தது. பிளாஸ்டிக் பையில் நன்றாகச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு வைத்த பொட்டலம். வளையம் உருகி பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு தோல் கைப்பை. சப்பையாகி, வயிறு ஒட்டி, மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்து, பார்க்கவே பாவமாக இருந்தது.

குப்பைப் பையை நோக்கி என் கை போனதை அம்மா கூடத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

"தூக்கிப் போட்டுடாதே பாப்பா. அது என் சூராட்டுப் பை."

அம்மாவுக்கு 81 வயது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது சில நாள் மறந்துவிடும். ஆனால் அந்தப் பையில் எந்த அறையில் எந்தச் சூராட்டு இருந்தது என்பதை விரல் விட்டுச் சொன்னார். சிவப்பு அடையாள அட்டை, கல்யாணச் சூராட்டு, எங்கள் நாலு பேரின் பிறப்புச் சூராட்டு, சேமநிதிக் காகிதம், தொழிற்சங்கச் சந்தா ரசீது, நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துப் புத்தகம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். 1948 ஜூன் 16-ஆம் தேதி அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அடையாள அட்டையும் அந்த வருடம்தான் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல அட்டை, இல்லாதவர்களுக்குச் சிவப்பு அட்டை. 1969-க்குப் பிறகு சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்யவே தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. இங்கேயே பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டினவர்களும் அதில் இருந்தார்கள். என் அம்மா அவர்களில் ஒருவர். அவருக்குக் கைப்பை அலங்காரம் அல்ல, நடமாடும் அலமாரி.

பால்மரம் வெட்டுகிறவரிடம் இங்கிலாந்துத் தோல் பை எப்படி வந்தது? பாட்டி துரை பங்களாவில் ஆயாவாக இருந்தார். சுதந்திரத்தை ஒட்டிப் பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தலைமையில் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. எங்கள் துரையும் அந்த வாக்கில்தான் கப்பலேறினார். போகும்போது துரையம்மா பாட்டியிடம் இந்தப் பையைக் கொடுத்தார். பாட்டி அதை அம்மாவின் கல்யாணத்துக்குக் கொடுத்தார்.

சரி, பையைச் சரிசெய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நல்லவேளை, எனக்கு முன் அனுபவம் இருந்தது. நல்ல அனுபவம் இல்லை, கெட்ட அனுபவம்.

சில வருடங்களுக்கு முன்பு, ஈப்போ ஹார்லி சாலையில் ஞாயிறு காலைகளில் கூடிவந்த பழம்பொருள் சந்தையில் பத்து வெள்ளிக்கு ஒரு தோல் பை வாங்கினேன். பூசணத்தைத் துடைத்து, அக்கம்பக்கத்தில் சொன்னபடி தேங்காய் எண்ணெய் தடவி, வெயிலில் வைத்தேன். அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. இரண்டு மாதத்தில் கறுத்து, திட்டுத்திட்டாகி, மறுபடி பூசணம் பிடித்தது. வெயில் பட்ட பக்கம் அப்பளம் மாதிரி விறைத்து, மடக்கியபோது வெடித்தது. அந்தப் பை போன பிறகுதான் தோல் என்றால் என்ன என்று படிக்கத் தொடங்கினேன்.

தோல் என்பது நெருக்கமாகப் பின்னிய புரத இழைகளின் மெத்தை. பச்சைத் தோல் அழுகிவிடும். அதை அழுகாமல் நிறுத்துவதுதான் பதனிடுதல். மரப்பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புச் சத்தை இழைகளுக்குள் ஏற்றுவது பழைய முறை. நம் ஊர்ப்பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இதற்குப் பயன்பட்டன. அப்படிப் பதனிட்ட தோலை மதராஸிலிருந்து கப்பல் கப்பலாக லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே அது செருப்பாகவும் பையாகவும் மாறியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் குரோமிய உப்பால் பதனிடும் முறை வந்தது. இன்றைய தோல் பைகளில் பெரும்பாலானவை அந்த வகை. அம்மாவின் பை பழைய முறையில் பதனிட்டது. அந்தத் தோலும் ஆவாரம்பட்டையில் ஊறி மதராஸில் கப்பலேறியதாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் கொள்ளுத் தாத்தாவும் மதராஸ் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்தான்.

முதலில் ஒன்று பார்க்க வேண்டும்: அது தோல்தானா? வெட்டு விளிம்பிலும் உள்பக்கத்திலும் நார் நாராகத் தெரிந்தால் தோல். துணி மேல் பூச்சாகத் தெரிந்தால் செயற்கைத் தோல். நம் வீடுகளில் நாலைந்து வருடம் வைத்த கைப்பையும் சோபாவும் உரிந்து செதில் செதிலாகக் கொட்டுமே, அது இந்த வகைதான். காற்றின் ஈரம் அந்தப் பூச்சையே சிதைத்துவிடுகிறது. அதற்கு வைத்தியம் கிடையாது. காசு செலவழிக்காதீர்கள்.

அடுத்து பூசணம். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூசணம் இல்லை. தோலில் ஊறிய கொழுப்பும் சில நேரம் மேலே வந்து வெள்ளையாகப் படியும். அந்த இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் சூடு காட்டினால் கொழுப்பு கரையும், பூசணம் கரையாது. அம்மாவின் பையில் இருந்தது பூசணம்தான். வாய்க்கும் மூக்கும் கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, காய்ந்த மென்மையான பிரஷால் தட்டினேன். ஈரத்துணியால் முதலில் துடைத்தால் பூசணம் பரவத்தான் செய்யும். பிறகு மருந்துக்கடை ஸ்பிரிட்டில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் சோதித்துப் பார்த்தேன். சாயம் போகவில்லை. அதன் பிறகே மற்ற இடங்களைத் துடைத்தேன். காற்றாடிக்கு எதிரே நிழலில் இரண்டு நாள் கிடந்தது.

பித்தளைப் பூட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற கை உடனே சமையலறைக்குப் போகும். போகக்கூடாது. புளியின் அமிலம் தோலுக்குள் இறங்கினால் எடுக்க முடியாது. மரப் பல்குச்சியால் சுரண்டி, காய்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

சப்பையான பையை நிமிர்த்துவதற்குத்தான் பொறுமை வேண்டும். தலைமுடி காய வைக்கும் கருவியால் சூடாக்கி வளைக்கலாம் என்று என் மகள் சொன்னாள். மரப்பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது சுமார் 70 பாகை சூட்டிலேயே சுருங்கிவிடும். பழைய தோல் அதற்கு முன்பே சுருங்கும். அப்படிச் சுருங்கியது மறுபடி விரியாது. கொஞ்சம் ஈரம் இருந்தால் இழைகள் இளகிக்கொடுக்கும். குளிர் நாட்டில் அதற்குத் தனியாக ஈரப்பெட்டி வைக்கிறார்கள். ஈப்போவில் அந்த வேலையைக் காற்றே செய்கிறது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டி, முதல் நாள் இரண்டு சுருள், மறுநாள் மூன்று என்று உள்ளே அடைத்துக்கொண்டே வந்தேன். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும். மூன்று வாரத்தில் பைக்கு வயிறு வந்தது. ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கியே நின்றது. அது அம்மா கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்த பக்கம்.

அடி மூலையில் தோல் சிவப்புத் தூளாக உதிர்ந்தது. பழைய முறைத் தோலுக்கு வரும் நோய் இது. காற்றின் அமிலத்தால் இழைகள் அறுந்துபோய்விட்டன. தண்ணீர் பட்டால் அங்கே கறுத்து இறுகிவிடும், எண்ணெய் பட்டாலும் பயனில்லை. தேய்க்காமல் விட்டுவிட்டேன்.

கடைசியில் வார். என் கை நின்றது இங்கேதான்.

வார் பையோடு சேரும் இடத்தில் பழைய தையல் அறுந்து, அதன் மேல் யாரோ தூண்டில் நைலான் நூலால் முரட்டுத்தனமாகத் தைத்திருந்தார்கள். ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு பக்கம் பார்த்தது. பழைய ஓட்டைகளை விட்டுவிட்டு, இடையிடையே புது ஓட்டைகள். தபால்தலையின் விளிம்பு மாதிரி ஆகியிருந்தது தோல். நைலான் நூல் மெல்லியது, இறுக்கமானது. பை கனக்கும்போதெல்லாம் அது ரம்பம் மாதிரி தோலை அறுத்திருக்கிறது. அப்படியே விட்டால் ஒரு நாள் வார் பிய்ந்துவிடும்.

"இது யார் தைச்சது அம்மா?"

"நான்தான்."

1974-ஆம் ஆண்டு. குடியுரிமைக்காக அம்மா சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போன நாள். 30 கிலோமீட்டருக்குள்தான் தூரம். ஆனால் ஒரு நாள் பேர் போடாமல் கிளம்பினால் ஒரு நாள் சம்பளம் போச்சு. பேருந்தில் ஏறும்போது வார் அறுந்து பை கீழே விழுந்தது. சூராட்டெல்லாம் சேற்றில். அம்மா அதைப் பொறுக்கி முந்தானையில் துடைத்தார். பேருந்து போய்விட்டது. பக்கத்துச் சீனர் கடையில் தூண்டில் நூலும், சாக்கு தைக்கும் ஊசியும் கேட்டு வாங்கி, கடை அஞ்சடியில் உட்கார்ந்து தைத்திருக்கிறார். அடுத்த பேருந்தில் போனார். அலுவலகத்தில் இன்னொரு சூராட்டு வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இன்னும் நாலு தரம் போனேன்."

நீல அட்டை 1978-இல் கிடைத்தது. அந்த நான்கு வருடமும் சூராட்டுகளைச் சுமந்தது இந்தத் தூண்டில் நூல்தான்.

இப்போது சொல்லுங்கள், இதைப் பிரிக்க மனம் வருமா? ஒரு வாரம் பையை மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தையலை விட்டால் தோல் போகும். தோலைக் காப்பாற்றினால் தையல் போகும். என் தங்கை, "அப்படியே கண்ணாடிப் பெட்டியில வச்சிடு அக்கா, யாரும் தூக்கக் கூடாது" என்றாள். அதுவும் சரியாகத்தான் பட்டது. முடிவில் அம்மாவிடமே கேட்டேன்.

அம்மா சிரித்தார். "நான் அவசரத்துக்குத் தைச்சது. அழகா இருக்கும்னா தைச்சேன்? பிரிச்சிட்டு ஒழுங்கா தை. பைன்னா தூக்கணும்."

பிரித்தேன். கிழிந்த இடத்துக்குப் பின்னால் மெல்லிய தோல் துண்டு ஒன்றை வைத்து ரப்பர் சொலூஷனால் ஒட்டினேன். சைக்கிள் டியூபுக்குப் போடுவோமே, அந்த வகைதான். மரத்துப் பாலைக் காய வைத்த ரப்பரைத்தான் கரைத்து இதைச் செய்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்போ நான் வெட்டினதா இருக்கும்" என்றார். தைப்பதற்கு மெழுகு பூசிய நூல், இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. ஒரே ஓட்டையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். தைக்கும் நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் வேண்டும். புதிதாக ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. பழைய ஓட்டைகளிலேயே போனேன். அவற்றில் அம்மா குத்திய ஓட்டைகளும் உண்டு.

தோலுக்கான பசையைச் சின்ன அளவில், தூள் உதிரும் மூலையைத் தொடாமல், ஒரே ஒரு முறை தடவினேன். இப்போது பை பிளாஸ்டிக்கில் இல்லை. பருத்தித் துணிப் பையில், காற்றாடும் தட்டில் இருக்கிறது. மாதம் ஒரு முறை எடுத்துத் திறந்து வைக்கிறேன். உங்கள் வீட்டு அலமாரி மேலும் இப்படி ஒரு பொட்டலம் இருந்தால், இன்றைக்கே அந்த பிளாஸ்டிக்கை எடுத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெயை மட்டும் எடுக்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அந்தப் பை எங்கெங்கே போனது என்று முதலில் கேளுங்கள்.

வேலை முடிந்து பையை அம்மா மடியில் வைத்தேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாரை இரண்டு தரம் பலமாக இழுத்துப் பார்த்தார். பூட்டைத் திறந்து மூடினார். 'டக்' என்றது. திறந்து, அடையாள அட்டையையும் மருத்துவமனைச் சீட்டையும் உள்ளே வைத்து மறுபடி மூடினார். அடுத்த செவ்வாய்க்கிழமை இரத்த அழுத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

பிரித்தெடுத்த நைலான் நூல் துண்டுகளை நான் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அது எதுக்கு? குப்பையில போடு."

போட்டுவிட்டேன்.